விசுவநாதன்–ராமமூர்த்தி: இருவர் ஆக்கிய ஓர் இசை

விசுவநாதன்–ராமமூர்த்தி என்பது 1952 முதல் 1965 வரை தமிழ்த் திரையிசையில் இணைந்து இயங்கிய இரட்டையரின் பெயர். எம். எஸ். விசுவநாதன் 1928இல் பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளியில் பிறந்தவர். டி. கே. ராமமூர்த்தி 1922இல் திருச்சிராப்பள்ளியில் வயலின் கலைஞர் குடும்பத்தில் பிறந்தவர்.

தொடக்கம்

இருவரும் சி. ஆர். சுப்பராமனின் இசைக்குழுவில் பணியாற்றினர். 1952இல் அவர் இளம் வயதிலேயே மறைந்தபோது, 'தேவதாஸ்' உள்ளிட்ட சில படங்களின் இசைப்பணி முடியாமல் நின்றது. அதை இவர்கள் நிறைவு செய்தனர். அதே ஆண்டு என். எஸ். கிருஷ்ணன் இயக்கிய 'பணம்' படத்தில் இருவர் பெயரும் சேர்ந்து இடம்பெற்றது. இந்தியில் சங்கர்–ஜெய்கிஷன் இணை அப்போது புகழுடன் விளங்கியது.

இசைமுறை

அக்காலத்தில் பாடகரும் வாத்தியக் குழுவும் ஒரே நேரத்தில் இசைக்க, பாட்டு முழுவதும் ஒரே மூச்சில் பதிவாகும். ஒருவர் பிழை செய்தால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இந்தக் கட்டுப்பாட்டுக்குள்தான் இவர்களின் சோதனைகள் நடந்தன. 'பாவ மன்னிப்பு' (1961) படத்தில் சீழ்க்கையொலி பாட்டின் பகுதியாயிற்று. 1964இல் மட்டும் 'கர்ணன்' படத்தில் ஷெனாயும் இந்துஸ்தானி ராகங்களும், 'புதிய பறவை'யில் பியானோவும் பெரிய வயலின் குழுவும், 'காதலிக்க நேரமில்லை'யில் மேலைநாட்டு நடனத் தாளங்களும் ஒலித்தன.

தூத்துக்குடித் தொடர்பு

முத்துக்குளித்துறையின் தலைநகரான தூத்துக்குடியில் 1927இல் பிறந்தவர் ஜே. பி. சந்திரபாபு. பனிமய மாதாவின் பெயரால் அவருக்குப் பனிமயதாஸ் என்று பெயரிட்டனர். இளமையில் கொழும்பில் வளர்ந்தார். ஜெர்மன் மொழி வழங்கும் ஆல்ப்ஸ் மலைப்பகுதியின் 'யோடலிங்' என்னும் குரல் உடைப்பு முறையைத் தமிழ்ப் பாட்டில் பாடிக் காட்டியவர் இவர். இரட்டையர் இவர் குரலை 'கவலை இல்லாத மனிதன்' (1960), 'ஆண்டவன் கட்டளை' (1964) ஆகிய படங்களில் நகைச்சுவையைத் தாண்டிய தத்துவப் பாடல்களுக்குப் பயன்படுத்தினர்.

1952க்குப் பின் அமைச்சர் பி. வி. கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களைக் கட்டுப்படுத்தியது. அவ்வேளையில் மன்னார் வளைகுடாவுக்கு அப்பாலிருந்து இலங்கை வானொலி அவற்றைக் கொண்டுவந்து சேர்த்தது.

பிரிவும் பெயரும்

1963இல் சென்னையில் இருவருக்கும் 'மெல்லிசை மன்னர்கள்' பட்டம் வழங்கப்பட்டது. 1965இல் 'ஆயிரத்தில் ஒருவன்' படத்துக்குப் பின் பிரிந்தனர். அதே ஆண்டு வெளிவந்த 'கலங்கரை விளக்கம்' விசுவநாதன் தனித்து இசையமைத்தது. ஆகவே ஆண்டை மட்டும் பார்த்து இசையமைப்பாளரை முடிவு செய்ய இயலாது. படத்தின் பெயர்ப் பட்டியலையே பார்க்க வேண்டும்.

மெட்டு விசுவநாதனுடையது, வாத்தியக் கோர்ப்பு ராமமூர்த்தியுடையது என்று பிரித்துச் சொல்வது வழக்கம். ஆனால் ராமமூர்த்தி தனித்து 'சாது மிரண்டால்' (1966), 'நான்' (1967), 'தங்கச் சுரங்கம்' (1969) ஆகியவற்றுக்கு மெட்டமைத்தார். விசுவநாதனோ தம் பிற்காலப் படங்களின் வாத்தியக் கோர்ப்பிலும் சிறந்தார். எனவே அந்தப் பிரிவினை நிற்காது. ஜெர்மனியில் 1971 முதல் இருவராக மின்னணு இசை படைத்த 'கிளஸ்டர்' குழுவைப் போலவே, இங்கும் எந்த ஒலி எவருடையது என்று கூறுபோட முடியாது.

இருவரும் 1995இல் 'எங்கிருந்தோ வந்தான்' படத்தில் மீண்டும் இணைந்தனர். ராமமூர்த்தி 2013இலும் விசுவநாதன் 2015இலும் மறைந்தனர். அந்தப் பதின்மூன்று ஆண்டுப் பாடல்களை இன்று பலரும் 'எம்.எஸ்.வி. பாட்டு' என்றே சுருக்கிச் சொல்கின்றனர். இரண்டாவது பெயரையும் சேர்த்து எழுதுவதே வரலாற்றுக்குச் சரி.