மருந்தோடு சொன்ன வாக்கியம்: கெனடியின் நொசீபோ விளக்கம் பற்றிய ஒரு மறுவாசிப்பு

வேலணையில் கிளினிக் முடிந்து வீடு திரும்புபவர் கையில் குளிசை உறைகளும் கிளினிக் கொப்பியும் இருக்கும். பக்கவிளைவு பெரும்பாலும் வாய்ச்சொல்லாகவே வந்து சேர்கிறது: "இது வயித்தை எரிக்கும், சாப்பிட்டிட்டுப் போடுங்கோ." அந்த வாக்கியத்துக்கும் பின்னர் வரும் வயிற்றெரிவுக்கும் உள்ள தொடர்பு மருத்துவ ஆய்வில் எப்படித் தெளிவானது என்பதே இங்கு பொருள்.

சத்தற்ற குளிசையாலும் தீங்கு தோன்றலாம் என்பதைக் குறிக்க 'நொசீபோ' என்ற பெயரை 1961இல் தந்தவர் வால்ட்டர் கெனடி. அது பெருந்தொண்டு. ஆனால் இத்தன்மை மருந்தில் இல்லை, நோயாளியிடமே உள்ளது என்று அவர் முடித்தது எனக்கு உடன்பாடில்லை. நோயாளி, மருந்து என்ற இரண்டையே அவர் நிறுத்துப் பார்த்தார். மருந்தைக் கொடுத்தவர் சொன்னது தராசில் ஏறவேயில்லை. தலைச்சுற்றென்று வரும் பெண்ணை "பயந்த சுபாவம்" என்று திருப்பியனுப்பும் வழக்கத்துக்கு இவ்விளக்கம் இன்றும் துணைபோகிறது.

கெனடிக்கு எதிரான முதன்மைச் சான்று ஒரு சம்மதப் படிவம். கனடாவில் நெஞ்சுவலி நோயாளர் 555 பேரிடம் அஸ்பிரினையும் சல்பின்பைரசோனையும் சோதித்தார்கள். மூன்று நிலையங்களில் இரண்டின் படிவத்தில் மட்டும் வயிற்றுக் கோளாறு வரக்கூடும் என்ற குறிப்பு இருந்தது. மையர்ஸ் குழுவினர் 1987இல் வெளியிட்ட கணக்கின்படி, சிறு வயிற்று உபாதையால் விலகியவர்கள் அவ்விரு நிலையங்களில் மூன்றாவதைவிட ஆறு மடங்கு. குடற்புண்ணும் இரத்தக் கசிவுமோ எங்கும் ஏறக்குறைய ஒரே அளவு.

நிலையங்கள் வேறு, வைத்தியர்களும் வேறு. வேற்றுமை அவர்களால் வந்திருக்கலாமே என்று கேட்கலாம். படிவத்தைச் சீட்டுக் குலுக்கிப் பிரிக்கவில்லை என்பது உண்மையான குறைதான். ஆயினும் ஓரிடத்து நோயாளரின் வயிறே பலவீனமென்றால் புண்ணும் கசிவும் அங்கு கூடியிருக்க வேண்டும். கூடவில்லை. உடலில் காணக்கூடிய சேதம் சமமாயிருக்க, உணர்ந்து சொல்லும் உபாதை மட்டும் பெருகியது. அந்தப் பெருக்கத்துக்குக் காரணம் குறிப்பே என்று நான் கொள்கிறேன். 2003இல் இத்தாலியில் அற்றெனோலோல் என்ற இதய மருந்தைப் பெற்ற 96 ஆண்களிடம் கண்டதும் இதற்கு இசைகிறது: மருந்தின் பெயரே அறியாதோரில் 3.1 வீதத்தினர் ஆண்மைக் குறை கூறினர். பெயர் மட்டும் அறிந்தோரில் 15.6, பக்கவிளைவும் அறிந்தோரில் 31.2.

நம் பத்தியம் இதனோடு ஒப்பிடத்தக்கது. யாழ்ப்பாணத்து மருத்துவ நூலான 'பரராசசேகரம்' எந்த அரசன் காலத்தது என்பது தீர்ந்தபாடில்லை. பரராசசேகரன் என்பது பல அரசர் சூடிய பட்டம். எக்காலத்ததாயினும், அம்மரபில் வந்த பரியாரி பத்தியம் சொல்லும்போது புளியை விடு, மீனை விடு என்று நடத்தையைச் சொல்கிறார். உன் வயிறு எரியும் என்று உடலுக்கு முன்கூட்டியே தீர்ப்பெழுதுவதில்லை. இது தற்செயலாகவும் இருக்கலாம், ஆனாலும் வேறுபாடு கவனிக்கத்தக்கது.

பக்கவிளைவை மறைக்க வேண்டுமென்று யாரும் இதிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடாது. அஸ்பிரின் எடுப்பவருக்கு மலம் கறுத்தால் உடனே வரவேண்டுமென்று சொல்லியே ஆகவேண்டும். கனடாவில் இரத்தக் கசிவு படிவம் பார்த்து வரவில்லை. மாற்ற வேண்டியது சொல்லும் முறை. 1996இல் ஓக்கொனரும் தோழர்களும் சளிக்காய்ச்சல் தடுப்பூசி பெற்றவர்களில் ஒரு சாராரிடம் பக்கவிளைவு வராதோர் வீதத்தையும், மறுசாராரிடம் வருவோர் வீதத்தையும் கூறினர். கணக்கு ஒன்றே, முதற்சாராருக்கு உபாதை குறைவு. நீரிழிவுக்கு மெற்ஃபோமின் கொடுக்கும்போது நம் கிளினிக்கிலும் இப்படிச் சொல்லலாம்: "கனபேருக்கு இது ஒண்டும் செய்யாது. சிலருக்குத் தொடக்கத்திலை வயிறு குழம்பும், பிறகு அடங்கும். சாப்பாட்டோடை போடுங்கோ, அடங்காட்டி வந்து சொல்லுங்கோ."