சாவடி வளர்த்த மென்பொருள்: பாலக்காடு, இடுக்கி எல்லைகளில் சரக்குப் போக்குவரத்தின் கணினிமயம்

சரக்குப் போக்குவரத்து மென்பொருளின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கிடங்கிலிருந்து தொடங்குகிறார்கள். எந்த வண்டியில் எவ்வளவு ஏற்றுவது, எந்தச் சாலையில் அனுப்புவது, வாடகையை எப்படிக் குறைப்பது என்று வணிகர் கணக்குப் போட்டார். கணக்கு பெருகியபோது கணினியை நாடினார் என்று அந்த வரலாறு போகிறது. தமிழ்நாட்டிலிருந்து மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடந்து கேரளத்துக்குள் நுழையும் பாதைகளுக்கு இது பொருந்தாது. வாளையாறு, கோபாலபுரம், கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம் என்ற பாலக்காட்டு வாயில்களிலும், குமுளி, கம்பமெட்டு, போடிமெட்டு என்ற இடுக்கி வாயில்களிலும் லாரிக்காரர்களைக் கணினிக்குத் தள்ளியது வரித்துறையின் சோதனைச் சாவடி. அந்தப் பிறப்பு இன்றைய மென்பொருளின் குணத்தையும் தீர்மானித்துவிட்டது என்பதே இக்கட்டுரையின் வாதம். அது அறிவிக்கத் தெரிந்த கருவி. திட்டமிடுவதில் இன்னும் கற்றுக்குட்டிதான்.

சாவடிக்கு முந்தைய நிலையைப் பார்க்க மூணாறின் தேயிலைப் பாதை நல்ல சான்று. குண்டளைப் பள்ளத்தாக்கில் 1902இல் மாடுகள் இழுக்கும் ஒற்றைத் தண்டவாளப் பாதை போடப்பட்டது. 1908இல் அதன் இடத்தில் குறுகிய ரயில்பாதை வந்தது. தேயிலைப் பெட்டிகள் ரயிலில் டாப் ஸ்டேஷன் வரை போய், அங்கிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கி, பின் தரைவழியே போடிநாயக்கனூரை அடைந்தன. தோட்டம், ரயில், கம்பிவடம் எல்லாம் ஒரே நிர்வாகத்தின் கட்டுப்பாட்டில் இருந்ததால், சரக்கு கைமாறும் இடத்தில் ஒருவரை இன்னொருவர் சந்தேகிக்கும் தேவை குறைவு. எந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்பது நிறுவனத்தின் உள்விவகாரம். 1924 வெள்ளம் அந்த ரயில்பாதையை அடித்துச் சென்றது. அதற்குப் பின் மலைச்சரக்கு மெல்ல மெல்ல லாரிக்கு மாறியது. லாரித் தொழிலில் சரக்குக்காரர் ஒருவர், வண்டிக்காரர் ஒருவர், இடையில் புக்கிங் ஏஜென்ட் ஒருவர். மூவரையும் இணைத்தது லாரி ரசீதும் தொலைபேசியும் நம்பிக்கையும். இந்த ஏற்பாடு பல பத்தாண்டுகள் கணினியின்றியே நடந்தது, நன்றாகவும் நடந்தது. ஆகவே பல கைகள் சேர்ந்து செய்யும் தொழில் என்பதாலேயே மென்பொருள் தேவைப்பட்டது என்று சொல்ல முடியாது.

தேவையை உண்டாக்கியது வரி. கேரளம் தன் நுகர்வில் பெரும்பகுதியை வெளி மாநிலங்களிலிருந்து வாங்குகிறது. சரக்கு எல்லையைத் தாண்டும்போது பதிவாகவில்லை என்றால் உள்ளே விற்பனையைப் பிடிப்பது கடினம் என்பதால், சாவடி அதன் வருவாய்க்கு உயிர்நாடியாக இருந்தது. கோவையிலிருந்து போகும் லாரி தமிழ்நாட்டுப் பக்கம் க.க.சாவடியிலும் கேரளப் பக்கம் வாளையாறிலும் காகிதம் காட்ட வேண்டியிருந்தது. வாளையாறின் வரிசை தென்னிந்திய லாரித் தொழிலில் ஒரு வசவுச் சொல்லாகவே ஆகிவிட்டிருந்தது. கேரளத்தில் 2005 ஏப்ரலிலும் தமிழ்நாட்டில் 2007 ஜனவரியிலும் மதிப்புக் கூட்டு வரி வந்தபின் காகிதத்தின் கனம் கூடியது. பில், டெலிவரி நோட், 8எஃப் அறிவிப்பு எல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டியிருந்தது. கேரள வணிகவரித் துறையின் ‘கேவாட்டிஸ்’ கணினி அமைப்பில் சரக்கின் விவரத்தை முன்கூட்டியே இணையத்தில் ஏற்றும் வழக்கம் பிறந்தது அப்போதுதான். கோவையிலோ திருப்பூரிலோ உள்ள சிறு வணிகர், தன் வண்டி எங்கே நிற்கிறது என்று தானே அறிவதற்கு முன்னால், அது எதைச் சுமந்து வருகிறது என்பதைக் கேரள அரசின் கணினிக்குச் சொல்லிவிட வேண்டியிருந்தது. இந்த வரிசைக்கிரமம் முக்கியமானது.

2017 ஜூலை 1இல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தது. அடுத்த சில நாட்களுக்குள் 22 மாநிலங்கள் வரிச் சாவடிகளைக் கைவிட்டதாக மத்திய நிதியமைச்சகம் அறிவித்தது. சாவடி போனாலும் அதன் வேலை போகவில்லை. தேசிய தகவலியல் மையம் உருவாக்கிய இ-வே பில் தளம் 2018 பிப்ரவரி 1 அன்று தொடங்கப்பட்டு, அன்றே சுமை தாங்காமல் முடங்கியது. ஏப்ரல் 1 முதல் மாநிலங்களுக்கிடையிலான சரக்குக்கு அது நடைமுறைக்கு வந்தது. கேரளத்துக்குள் ஏப்ரல் 15 முதலும் தமிழ்நாட்டுக்குள் ஜூன் 2 முதலும் வந்தது. மாநிலங்களுக்கிடையே போகும் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு முதல் பகுதியில் பொருள், மதிப்பு, வரி எண். இரண்டாம் பகுதியில் வண்டி எண். வழியில் வண்டி மாறினால் இரண்டாம் பகுதியைப் புதுப்பிக்க வேண்டும். கணக்குத் தாக்கல் செய்யாதவருக்கு பில்லே போட முடியாதபடி 2019 டிசம்பரில் தடை வந்தது. மின்-விலைப்பட்டியல் 2020 அக்டோபரில் 500 கோடி விற்றுமுதல் உள்ளவர்களிடம் தொடங்கி, 2023 ஆகஸ்டில் 5 கோடிக்காரர் வரை இறங்கியது. டேலி போன்ற கணக்கு மென்பொருள்கள் இந்தத் தளத்தோடு நேரடியாக இணையத் தொடங்கியதும் விற்பனைக் கணக்கும் லாரிச் சரக்கு அனுப்புகையும் ஒரே திரைக்கு வந்தன. போக்குவரத்துக்கென்று ஒருநாளும் மென்பொருள் வாங்கியிராத கடைக்காரரும் போக்குவரத்துத் தரவு உள்ளிடுகிறவர் ஆனார்.

இந்த வாதத்தைச் சோதித்துப் பார்க்க இடுக்கி எல்லை வாய்ப்பளிக்கிறது. குமுளி மலைச்சாலையில் இரண்டு வகைச் சரக்கு ஓடுகிறது. கம்பம், தேனிப் பக்கத்திலிருந்து காய்கறி மேலே ஏறுகிறது. இடுக்கியின் ஏலக்காய் கீழே இறங்குகிறது. பச்சைக் காய்கறிக்கு வரி இல்லை, ஆகவே இ-வே பில்லும் இல்லை. ஏலக்காய்க்கு 5 சதவீத வரி உண்டு. கிலோ ஆயிரம் ரூபாய்க்கு மேல் விற்கும் நாளில் 50 கிலோ மூட்டை ஒன்றே வரம்பைத் தாண்டிவிடும். சாலை ஒன்றே, கொண்டை ஊசி வளைவுகளும் அவையே, பல நேரங்களில் ஓட்டுநரும் அதே ஊர்க்காரர். ஆனால் ஏலக்காய்க்கு எண்ணிடப்பட்ட மின்பதிவு இருக்கிறது. காய்கறியோ மண்டிச் சீட்டிலும் கைபேசி அழைப்பிலும் போகிறது. வணிகத் தேவைதான் மென்பொருளைக் கொண்டுவரும் என்றால், முறை தலைகீழாக இருந்திருக்க வேண்டும். ஒருநாள் தாமதத்தில் ஏலக்காய் கெடாது, தக்காளி கெட்டுவிடும். நேரத்தைக் கணக்கிடும் கருவி யாருக்கு அதிகம் தேவையோ அவரிடம் அது இல்லை. அரசு கேட்காத இடத்துக்கு மென்பொருளும் போகவில்லை. வாளையாறு, கோபாலபுரம் வழியாக ஒட்டன்சத்திரத்திலிருந்தும் பொள்ளாச்சியிலிருந்தும் போகும் காய்கறிக்கும் இதே கதைதான்.

இதற்கு மறுப்புகள் உண்டு. முதலாவது, பெரிய நிறுவனங்கள் சாவடிக்காகக் காத்திருக்கவில்லையே என்பது. உண்மைதான், கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையிலும் வாளையாறின் சிமென்ட் ஆலையிலும் அனுப்புகைக் கணக்கு உற்பத்திக் கணக்கின் ஒரு பகுதி, ரயில்வேக்கும் தனியாகச் சரக்குத் தகவல் அமைப்பு இருக்கிறது. ஆனால் இவை குண்டளை ரயில்பாதையின் வாரிசுகள், அதாவது ஒரே நிர்வாகத்துக்குள் முடியும் ஏற்பாடுகள். நிறுவனத்தின் வாசலுக்கு வெளியே, வாடகை லாரியும் ஏஜென்டும் சிறு வணிகரும் உலவும் உலகில் பொதுவான தரவை முதலில் நிறுவியது வரித்துறைதான். இரண்டாவது மறுப்பு கனமானது: ஏலக்காய் மின்னேலம் சாவடியால் வரவில்லையே? நறுமணப் பொருள் வாரியம் புற்றடியிலும் போடிநாயக்கனூரிலும் நடத்தும் ஏலத்தில், இரு ஊர் வியாபாரிகளும் ஒரே நேரத்தில் கேட்கும் முறை 2021இல் வந்தது. அது சந்தைக்காகப் பிறந்த மென்பொருள் என்பதை ஒப்புக்கொள்ளலாம். ஆயினும் அதுவும் 1987ஆம் ஆண்டின் உரிம விதிகளுக்கு உட்பட்ட ஏலத்தின் கணினி வடிவம். விலை முடிந்ததும் அதன் வேலையும் முடிகிறது. மூட்டை எந்த வண்டியில், எப்போது, என்ன வாடகைக்குப் போகிறது என்பது அதற்குத் தெரியாது. மூன்றாவதாக, வாளையாறு வரிசையைக் கரைத்தது வரிச் சீர்திருத்தம், மென்பொருளுக்கு அதில் பங்கில்லை என்பார்கள். சாவடியை எடுத்துவிட்டு, அதன் வேலையைச் செய்ய வேறொன்றும் வைக்காமல் இருக்கக் கேரளம் துணிந்திருக்குமா என்பதே இதற்கு எதிர்க்கேள்வி. வரி மாறிய பத்து மாதங்களுக்குள், மாநிலத்துக்குள்ளும் இ-வே பில்லைக் கட்டாயமாக்கிய முதல் ஆறு மாநிலங்களில் அது ஒன்று.

பிறப்பின் தழும்பு எங்கே தெரிகிறது என்றால், மென்பொருள் எதை அளக்கிறது என்பதில் தெரிகிறது. இ-வே பில்லின் ஆயுள் முதலில் 100 கிலோமீட்டருக்கு ஒரு நாள். 2021 ஜனவரி முதல் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள். நான்குவழிச் சாலையில் வாளையாறைத் தாண்டிக் கொச்சிக்கு ஓடும் வண்டிக்கு இது தாராளம். 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போடிமெட்டைக் கடந்து, மழைக்காலத்தில் சரிவுகள் நிகழும் கேப் ரோடு வழியே மூணாறுக்குப் போகும் வண்டிக்கு மணிக்கணக்குதான் கணக்கு, கிலோமீட்டர் அல்ல. காலாவதிக்கு எட்டு மணி நேரம் முன்போ பின்போ நீட்டித்துக்கொள்ள வழி இருக்கிறது. ஆனால் சாலை அடைபட்ட இரவில் தளத்துக்குள் நுழைந்து காரணம் பதிய வேண்டியவர் வண்டிக்காரர். தவறினால், 2022 ஜனவரியிலிருந்து அபராதம் வரியைப் போல் இருமடங்கு. ஏற்று-இறக்கு கூலியிலும் இதே குருட்டுத்தனம்தான். வேலை செய்யாமல் பார்த்துக்கொண்டிருப்பதற்கே வாங்கப்பட்ட ‘நோக்குகூலி’யைக் கேரளம் 2018 மே 1 முதல் ஒழித்தது. ஏற்று-இறக்கு கூலியும், இறக்குவதற்காக வண்டி காத்துக் கிடக்கும் நேரமும் லாரி வாடகையில் எவ்வளவு பெரிய பகுதி என்பது ஒவ்வொரு உரிமையாளருக்கும் தெரியும். எந்த அரசுத் தளத்திலும் அதற்கு ஒரு கட்டம் கிடையாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பு ரிட்டர்ன் லோடு. கேரளத்துக்குள் நிறைந்து போகும் லாரிகளில் பல காலியாகவோ அரைச் சுமையோடோ திரும்புகின்றன. பெரும்பாவூர் ஒட்டுப்பலகை, ரப்பர், வல்லார்பாடத்துக் கன்டெய்னர் என்று திரும்பும் சரக்கு இருந்தாலும், அதைப் பிடித்துத் தருவது இன்னமும் ஏஜென்டின் கைபேசிதான். லோடு தேடித் தரும் தனியார் செயலிகள் வந்திருக்கின்றன. நீண்டதூர நெடுஞ்சாலைகளில் அவை உதவலாம், ஆனால் தெரியாத சரக்குக்காரரை நம்பி முன்பணமில்லாமல் வண்டியைத் திருப்பச் சிறு உரிமையாளர் தயங்குகிறார். அந்தத் தயக்கத்தைக் குறை சொல்ல முடியாது. பாக்கி வரவில்லையென்றால் கேட்பதற்கு அவருக்குத் தெரிந்த முகம் ஏஜென்டுடையதுதான். எந்த வண்டி எந்த ஊரில் எப்போது காலியாகும் என்பதை ஊகிக்கப் போதுமான தரவு வரித்துறையிடம் ஏற்கெனவே குவிந்திருக்கிறது. 2022 செப்டம்பரில் வெளியான தேசியத் தளவாடக் கொள்கை பல துறைகளின் தரவை ஒரே மேடையில் இணைக்க வாக்களித்தது. வணிகரின் பெயரும் விலையும் நீக்கிய திரும்புசரக்குத் தகவலை வாளையாறுக்கும் குமுளிக்கும் முதலில் வெளியிட்டுப் பார்க்க இரு மாநில வரித்துறைகளும் முன்வர வேண்டும். அது நடக்கும்வரை, இ-வே பில் வண்டி எங்கிருந்து புறப்பட்டது என்று கேட்கும். சரக்கை இறக்கிய பின் எங்கே போகும் என்று கேட்காது.