யானையின் பருவப் பெயர்களும் வயதுக் கணக்கும்

முன்னுரை

விலங்கின் வாழ்நாளைப் பருவங்களாகப் பகுத்துப் பெயரிடும் வழக்கம் இந்திய மொழிகளில் தொன்மையானது. ஆயினும் ஒரே பெயர் குறிக்கும் வயது நூலுக்கு நூல் வேறுபடுகின்றது. இதனைக் கருதாது ஒரு நூலின் பொருளை மற்றொன்றின்மேல் ஏற்றிப் படிப்பின் வரலாற்றுச் செய்தியே பிறழ்ந்துவிடும். யானையின் பருவப் பெயர்களைக் கொண்டு இதனை விளக்க இக்கட்டுரை முற்படுகின்றது.

அர்த்தசாத்திர விதி

1909இல் சாமசாஸ்திரியார் மைசூரில் பதிப்பித்த கௌடிலியரின் அர்த்தசாத்திரம், யானை பிடித்தற்குரிய காலம் கோடை என்றும், பிடிக்கத்தக்க வயது 20 என்றும் கூறுகின்றது. 40 வயது யானை தலையாயது. 30 வயதினது இடையாயது. 25 வயதினது கடையாயது. பிடிக்கலாகாதவற்றுள் நோயுற்ற யானை, சூல்கொண்ட பிடி, பாலூட்டும் பிடி ஆகியவற்றுடன் 'விக்கம்' என்பதும் இடம்பெறுகின்றது.

விக்கம், களபம்

12ஆம் நூற்றாண்டில் ஏமச்சந்திரர் இயற்றிய அபிதான சிந்தாமணி என்னும் வடமொழி நிகண்டு 5 வயது யானையைப் பாலன் என்றும், 10 வயதினதைப் போதம் என்றும், 20 வயதினதை விக்கம் என்றும், 30 வயதினதைக் களபம் என்றும் வகுக்கின்றது. இப்பொருளை அர்த்தசாத்திரத்திற்குக் கொள்ளின், 20 வயது யானையைப் பிடிக்க வேண்டும் என்ற நூலே பிடிக்கலாகாது என்றும் விதித்ததாக முடியும். எனவே அங்கு விக்கம் என்பது இளங்கன்றையே குறித்தது எனக் கொள்வதே பொருந்தும். நீலகண்டரின் மாதங்கலீலையிலோ விக்கம் பத்தாம் ஆண்டினது. களபம் ஐந்தாம் ஆண்டினது. ஒரு நூலில் 5 வயதினதாகிய களபம் மற்றொன்றில் 30 வயதினதாகிவிடுகின்றது.

தமிழ் வழக்கு

தொல்காப்பிய மரபியல் யானையின் இளமைக்குக் கன்று, குழவி என்னும் பெயர்களை உரிமையாக்குகின்றது. ஆண்டுக்கணக்கு எதனையும் கூறவில்லை. பிற்கால நிகண்டுகள் களபம், போதகம் ஆகியவற்றையும் யானைக்கன்றின் பெயர்களாகவே தொகுத்தன. வடசொற்கள் தமிழுக்கு வந்தபோது அவற்றின் வயதுக் கணக்கு உடன்வரவில்லை என்பது இதனால் பெறப்படும்.

வேறுபாட்டின் காரணம்

6ஆம் நூற்றாண்டினரான வராகமிகிரர் தம் பிருகத்சாதகத்தில் குதிரைக்கு 32, மாடு எருமைகளுக்கு 24, ஆட்டிற்கு 16, நாய்க்கு 12 ஆண்டுகளைப் பேரெல்லையாகக் கூறுகின்றார். இவை இன்றைய விலங்கியல் அறிவுக்குப் பெரிதும் மாறானவை அல்ல. யானைக்கோ மனிதர்க்குப் போலவே 120 ஆண்டுகளும் 5 இரவுகளும் கூறுகின்றார். மாதங்கலீலையும் 120 ஆண்டுகளே கூறும். ஆனால் யானைக்கு வாழ்நாளில் ஆறு முறையே கடைவாய்ப்பற்கள் முளைக்கின்றன. இறுதிப்பல் தேய்ந்தபின் அது இரை மெல்ல இயலாது. ஆதலின் 60 முதல் 70 ஆண்டுகளே அதன் இயல்பான நீண்ட வாழ்நாள் எனலாம்.

ஆடு மாடுகளின் பிறப்பும் இறப்பும் ஒரே உழவன் கண்முன் நிகழ்பவை. யானையோ காட்டில் பிறந்து, வளர்ந்தபின் பிடிபடுவது; பிடிப்போர் அதன் வயதை உடலளவு கொண்டு உய்த்துணர வேண்டியிருந்தது. கண்டறியாத ஆண்டுகளின் இடத்தைப் பத்துப்பத்தாக வகுத்த கணக்கு நிரப்பியது எனக் கருத இடமுண்டு.

முடிவுரை

பருவப் பெயர் முதற்கண் விலங்கின் பயன்பாட்டு நிலையைச் சுட்டுவது. எண் அதன்மேல் பின்னர் ஏற்றப்படுவது. ஆகவே அகராதி தொகுப்போர் இத்தகைய சொற்களுக்கு வயது குறிக்கும்போது, அவ்வயதைக் கூறும் நூலையும் அதன் காலத்தையும் உடன் குறித்தல் இன்றியமையாததாகும்.