எல்.எம்.எஸ். சந்திப்பின் ஆலயம்

வித்துரா, நெடுமங்காடு பக்கமிருந்து திருவனந்தபுரம் நகருக்கு வருகிற நம்மவர்களுக்கு எல்.எம்.எஸ். சந்திப்பு என்றால் பாளையத்துக்கும் மியூசியத்துக்கும் நடுவே ஒரு பஸ் ஸ்டாப், அவ்வளவுதான். அந்த மூன்றெழுத்து 1795இல் தொடங்கிய லண்டன் மிஷனரி சங்கத்தைக் குறிக்கும் என்பது நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? அந்த வளாகத்தில்தான் மெட்டீர் நினைவு ஆலயம் நிற்கிறது. நகரத்தில் எம்.எம். சர்ச் என்பார்கள்.

இதன் வேரைத் தேடினால் நாஞ்சில் நாட்டுக்கே போய்ச் சேருவோம். தஞ்சாவூரில் ஞானஸ்நானம் பெற்றுத் திரும்பிய மயிலாடி மகாராசன் வேதமாணிக்கம் விடுத்த அழைப்பின் பேரில், 1806இல் ரிங்கல்தௌபே திருவிதாங்கூருக்குள் வந்தார். ஆக, அழைத்தவர் நம்ம ஊர்க்காரர். தெற்கே பரவிய அந்தப் பணியைத் தலைநகரில் 1838இல் தொடங்கியவர் ஜான் காக்ஸ். பின்னாளில் அங்கே பணியாற்றிய சாமுவேல் மெட்டீர், திருவிதாங்கூர் மக்களின் வாழ்க்கையைப் பற்றி 1871இலும் 1883இலும் வெளியிட்ட இரண்டு நூல்களை ஆய்வாளர்கள் இன்றும் புரட்டுகிறார்கள். அவர் நினைவாக 1906இல் எழுந்ததே இவ்வாலயம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். லண்டன் மிஷன் சபைகளுக்குப் பேராயர் கிடையாது; சபையே கூடி முடிவெடுக்கும். பேராயர் ஆளுகை ஆங்கிலிக்கன் மரபு. அதே நகரில் 1859இல் எழுந்த கிறைஸ்ட் சர்ச் அந்த மரபைச் சேர்ந்தது. 1947 செப்டம்பர் 27இல் சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உதயமானபோது இரு மரபும் ஒன்றாயின. தென் திருவிதாங்கூர் பேராயத்தின் முதல் பேராயரான ஏ. எச். லெக், லண்டன் மிஷனிலிருந்து வந்தவரே!

அடுத்து மொழி எல்லை வந்தது. 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழகத்தோடு இணைந்தன. 1959இல் பேராயமும் கன்னியாகுமரி, தென் கேரளம் என இரண்டானது. எம்.எம். சர்ச் தென் கேரளப் பேராயத்தைச் சேர்ந்தது.

மாநிலம் பிரிஞ்சா சொந்தம் பிரியுமா? தாத்தாவின் ஞானஸ்நானப் பதிவு நெய்யூரில் தமிழிலும், பேரனுடையது திருவனந்தபுரத்தில் மலையாளத்திலும் இருக்கிற குடும்பங்கள் நம்மிடையே இருக்கலாம். நம் பிள்ளைகள் மலையாளம் படிக்கிறார்கள், ஆங்கிலம் படிக்கிறார்கள்; தாத்தா வேதாகமத்தின் முதல் பக்கத்தில் எழுதி வைத்த பிறந்த நாளை வாசிக்கத் தடுமாறுகிறார்கள். அந்தக் கையெழுத்தை வாசிக்கத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே உட்கார வைத்து, கேட்டு, எழுதி வையுங்கள். சபை வரலாற்றின் பாதி நம் வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது.