மடங்காத முழங்கால்

யானையின் கால்களில் மூட்டு கிடையாது என்று இடைக்கால ஐரோப்பாவின் நூல்கள் பல நூற்றாண்டுகள் கூறிவந்தன. விழுந்தால் எழ முடியாத அவ்விலங்கு மரத்தில் சாய்ந்தே உறங்கும் என்றும், வேடர் அம்மரத்தை முன்னரே பாதி அறுத்து வைத்தால் மரத்தோடு சாய்ந்து அகப்படும் என்றும் அவை விவரித்தன. யானை கால்களை மடக்கிப் படுக்கிறது என்று கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே அரிஸ்டாட்டில் எழுதியிருந்தும் இக்கதை நிலைத்ததற்கு அறியாமையை மட்டும் காரணமாகச் சொல்வது போதாது.

கிறித்தவத்தின் தொடக்க நூற்றாண்டுகளில் கிரேக்க மொழியில் தோன்றிய 'ஃபிசியோலோகஸ்' என்ற சிறு நூல், இலத்தீனில் பெயர்க்கப்பட்டு, செவீயா நகர ஆயர் இசிதோரின் சொற்பிறப்பு நூற்செய்திகளும் சேர்ந்து, 12, 13ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தில் 'பெஸ்டியரி' எனப்பட்ட ஓவிய விலங்கு நூல்களாக வளர்ந்தது. இவற்றில் விலங்கின் இயல்பைச் சொன்னதும் அவ்வியல்பு உணர்த்தும் சமயப் பொருள் தொடரும். படைப்பு முழுவதும் இறைவன் எழுதிய மற்றொரு மறைநூல் என்பதே அந்நூல்களை எழுதியோரின் துணிபு.

யானையின் கதை இத்துணிபின் ஆழத்தைக் காட்டுகிறது. விழுந்த யானை பிளிறும்போது பெரிய யானை ஒன்று ஓடிவந்தும் அதைத் தூக்க இயலாது. பின்னர் வரும் பன்னிரண்டு யானைகளும் தோற்றுப்போக, இறுதியில் ஒரு சிறிய யானை வந்து, துதிக்கையை அடியில் கொடுத்து எழுப்பிவிடும். விழுந்தது விலக்கப்பட்ட மரத்தால் வீழ்ந்த ஆதாம்; பெரியது மோசேயின் திருச்சட்டம்; பன்னிரண்டும் இறைவாக்கினர்; சிறியது தன்னைத் தாழ்த்திக்கொண்ட கிறித்து. முழங்காலில் மூட்டு இருந்துவிட்டால் யானை தானே எழுந்துவிடும். மீட்பரின் தேவையே கதையில் அற்றுப்போகும். உடலின் உண்மையைவிடப் பொருளின் உண்மை மேலானதாகக் கருதப்பட்ட இடம் இதுவே.

அந்நூல்கள் வழங்கிய காலத்திலேயே, 1255இல் பிரெஞ்சு அரசர் ஒன்பதாம் லூயி, இங்கிலாந்தின் மூன்றாம் ஹென்றிக்கு ஒரு யானையை அனுப்பினார். இலண்டன் கோட்டையில் 40 அடி நீளமும் 20 அடி அகலமும் கொண்ட கொட்டில் அதற்காகக் கட்டப்பட்டது. 1257இல் யானை இறந்தது. செயின்ட் ஆல்பன்ஸ் மடத்துத் துறவியும் வரலாற்றாசிரியருமான மத்தேயு பாரிஸ் அதன் உருவத்தை வரைந்தபோது, அளவு விளங்கும்படி பாகனையும் அருகில் நிறுத்தினார். கால்களில் மூட்டுகளையும் தெளிவாகத் தீட்டினார். நூல் மறுத்ததைக் கண் கண்டுகொண்ட அந்தக் கோடுகள் பெருமதிப்புக்குரியவை.

ஆயினும் 1646இல் ஆங்கில மருத்துவர் தாமஸ் பிரௌன், மக்களிடையே பரவிய பொய்க்கருத்துகளைத் திரட்டி மறுத்த தம் நூலில், மூட்டில்லா யானைக்கு ஓர் இயலே ஒதுக்க வேண்டியிருந்தது. நாட்டின் பல ஊர்களில் காட்டப்பட்ட யானை ஒன்று மண்டியிட்டதையும் படுத்ததையும் மக்கள் அண்மையில்தான் கண்டிருந்தனர். அதனால் அடங்கிய அக்கருத்து அடுத்த தலைமுறையில் மீண்டும் தலையெடுக்கக்கூடும் என்று அவர் அங்கு எழுதிவைத்தார்.