புதுச்சேரியின் கோல்கொண்ட் விடுதி

கோல்கொண்ட் என்பது புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமவாசிகள் தங்குவதற்காகக் கட்டப்பட்ட விடுதி ஆகும். கம்பி கட்டிய காங்கிரீட்டால் இந்தியாவில் எழுந்த தொடக்ககால நவீனக் கட்டடங்களுள் இதுவும் ஒன்று. காங்கிரீட் வீடு என்றாலே வெக்கை என்பது இன்று பலரது அனுபவம். ஆனால் இந்தக் காங்கிரீட் கட்டடம் குளிர்சாதனப் பெட்டி இல்லாமல் வெயிலைச் சமாளிக்கும்படி அமைக்கப்பட்டது.

ஆசிரமத்தின் அன்னை விரும்பியபடி, 1930களின் நடுவில் இதற்கு வரைபடம் தந்தவர் அன்டோனின் ரேமண்ட். செக் நாட்டில் பிறந்த அமெரிக்கரான இவர் அப்போது டோக்கியோவில் கட்டடக் கலைஞராக இருந்தார். நிசாம் அரசில் உயர்பொறுப்பு வகித்த சர் அக்பர் ஐதரியின் முயற்சியால் ஐதராபாத்திலிருந்து நன்கொடை கிடைத்தது. அந்நன்றிக்காகவே கோல்கொண்டாவின் பெயர் பிரெஞ்சு வடிவில் சூட்டப்பட்டது. ரேமண்டின் உதவியாளர்களான பிரான்டிசெக் சாமரும் ஜார்ஜ் நகாஷிமாவும் ஊரிலேயே தங்கி வேலையை நடத்தினர். நகாஷிமா பின்னாளில் அமெரிக்காவில் மரச்சாமான் வடிவமைப்பில் பெரும்புகழ் பெற்றார். ஆசிரமவாசிகளும் சேர்ந்து உழைத்தனர். பழைய பித்தளைப் பாத்திரங்களை உருக்கிக் கதவுக்கான பொருத்துகளை வார்த்தனர். போர்க்காலமும் குறுக்கிட, 1940களில்தான் வேலை முடிந்தது.

கட்டடத்தின் நீளப்பக்கங்கள் வடக்கும் தெற்கும் நோக்கியவை. ஆகவே காலை, மாலைச் சாய்வெயில் பெரும்பாலும் குறுகிய பக்கங்களிலேயே தாக்கும். நீளப்பக்கங்களில் சுவரே இல்லை எனலாம். முகப்பு முழுவதும் கிடைமட்டத் தகடுகள் வரிசையாக உள்ளன. அவற்றைத் திருப்பினால் காற்று வரும்; கண்கூசும் ஒளியும் மழைச்சாரலும் தடைபடும். வடக்கே நடைகூடம், தெற்கே அறைகள்; இடையில் இழுத்து மூடும் தேக்குச் சட்டக் கதவுகள். கதவை மூடினாலும் சட்டங்களின் இடைவெளியில் காற்று போய்வரும். காங்கிரீட் தளத்துக்கு மேலே வளைந்த காங்கிரீட் ஓடுகள் பரப்பி, இடையில் காற்றுக்கு இடம் விட்டுள்ளனர். வெயிலின் சூட்டை முதலில் வாங்குவது ஓடு. தளம் அதன் நிழலில் கிடக்கிறது. தகடுகள் கல்நார் சிமெண்டால் ஆனவை. கல்நார்த் தூசி நுரையீரலைக் கெடுக்கும் என்பதால் அதை மட்டும் இன்று பின்பற்றக் கூடாது.

இவ்வமைப்பை அப்படியே வேறு ஊருக்குப் பெயர்த்துவிடவும் முடியாது. புதுச்சேரி கடலோரம், புழுக்கம் தீர எந்நேரமும் காற்று வேண்டும். மேற்குத்தொடர்ச்சி மலையின் மழைமறைவில் உள்ள சங்கரன்கோவிலில் கோடைப்பகலின் காற்றே அனல். அங்கே பகலில் சன்னலை அடைத்து, இரவில் திறப்பதே பொருந்தும். நெல்லைச் சீமையின் பழைய வீடுகளில் தார்சா, பட்டாசல், அடுக்களை என்று வரிசையாக அமைத்து, தெருவாசலில் நின்றால் புறவாசல் தெரியும்படி கட்டினர். தடித்த சுவர் பகல்சூட்டை உள்ளே விடத் தாமதித்தது. மாலைக்குப்பின் வாசல்களைத் திறந்தால் காற்று நேராக ஓடியது.

இன்று கடற்கரைக்கும் கரிசல் காட்டுக்கும் பெரும்பாலும் ஒரே வரைபடம்தான். மேற்கு பார்த்த படுக்கையறை, வெயிலில் கிடக்கும் மொட்டைமாடி. பகலெல்லாம் சூட்டைக் குடித்த தளம் இரவில் அதைக் கீழே விடுகிறது. பிறகு ஏசிக்கும் மின்கட்டணத்துக்கும் செலவு. கட்டி முடித்த வீட்டிலும் மாடியில் தட்டோடு பதிக்கலாம், வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்கலாம், இடைவெளி விட்டு நிழற்கூரை போடலாம். ஆனால் வீடு எத்திசை நோக்க வேண்டும், மேற்குச் சுவரோரம் வேம்புக்கு இடம் உண்டா என்பவற்றை அஸ்திவாரத்துக்குக் கயிறு பிடிக்கும் முன்பே முடிவு செய்தாக வேண்டும்.