நீல நிறம் நீரின்மைக்குச் சான்றாகுமா? டெட்ராஹைட்ரோஃபியூரான் உலர்த்தல் குறித்து ஒரு மறுபரிசீலனை

கரிம வேதியியல் ஆய்வேடுகளின் செய்முறைப் பகுதியில் அடிக்கடி காணும் குறிப்பு இது: டெட்ராஹைட்ரோஃபியூரான், சோடியமும் பென்சோஃபீனோனும் சேர்த்துக் காய்ச்சி வடிக்கப்பட்டது. எஞ்சிய நீர் எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. குடுவை கருநீலமானால் கரைப்பான் உலர்ந்துவிட்டது என்பது பல தலைமுறைகளின் நம்பிக்கை. அளவீடுகள் அந்த நம்பிக்கைக்குத் துணைநிற்கவில்லை.

சோடியத்திடமிருந்து ஓர் எலக்ட்ரானைப் பெறும் பென்சோஃபீனோன், கீட்டைல் என்ற நீல நிற அயனியாகிறது. நீரும் ஆக்சிஜனும் அதை அழிப்பதால், அவை தீரும்வரை நிறம் நிலைக்காது. இந்தத் தர்க்கத்தில் பிழையில்லை. ஆனால் நிறம் கொதிகுடுவையில் இருக்கிறது. வினைக்கு நாம் எடுப்பதோ சேகரிப்புக் குடுவையில் வடிந்த திரவத்தை. இடையிலுள்ள கண்ணாடிச் சுவரும் இணைப்புகளும் உறிஞ்சும் ஊசியும் ஈரம் சேர்த்தால், நீல நிறம் அதைக் காட்டிக்கொடுக்காது.

1970களின் பிற்பகுதியிலேயே கோலாலம்பூர் மலாயாப் பல்கலைக்கழகத்தின் பர்ஃபீல்டும் ஸ்மிதர்ஸும் ட்ரிட்டியம் கலந்த நீரைக் கரைப்பான்களில் சேர்த்து, உலர்த்திய பின் எஞ்சிய கதிரியக்கத்தை அளந்தனர். வழக்கமான உலர்த்திகள் பல, பெயருக்கேற்ற திறனைக் காட்டவில்லை. 2010இல் ஜோஹன்னஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் வில்லியம்ஸும் லாட்டனும் கார்ல் ஃபிஷர் முறையில் இதை மீண்டும் சோதித்தனர். சுமார் 108 பிபிஎம் நீர் கொண்ட டெட்ராஹைட்ரோஃபியூரானில், சோடியம் முறைக்குப் பின் எஞ்சியது ஏறத்தாழ 43 பிபிஎம். 3 ஆங்ஸ்ட்ராம் மூலக்கூறு சல்லடையில் மூன்று நாள் வைத்ததில் எஞ்சியது 4 பிபிஎம் அளவே.

இந்த வேறுபாடு வினைக்குடுவையில் என்ன செய்யும்? 100 மில்லிலிட்டர் கரைப்பானில் 43 பிபிஎம் என்றால் கிட்டத்தட்ட 3.8 மில்லிகிராம் நீர், அதாவது 0.21 மில்லிமோல். ஒரு மில்லிமோல் பியூட்டைல் லித்தியத்தில் ஐந்தில் ஒரு பங்கை அது வினை தொடங்கும் முன்பே விழுங்கிவிடும். விளைச்சல் குறைந்ததற்கு வினைப்பொருளைப் பழிப்பவர்கள் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

சோடியம் முறைக்கு ஆதரவான வலுவான வாதம் ஒன்று உண்டு. கீட்டைல் ஆக்சிஜனையும் அகற்றும். சல்லடைக்கு அந்த ஆற்றல் இல்லை. ஆனால் அதற்காகச் சூடான உலோகச் சோடியத்தைக் கட்டிக்காக்க வேண்டியதில்லை. கரைப்பானை உறையவைத்து, வெற்றிடத்தில் காற்றை அகற்றி, உருக வைப்பதைச் சில முறை செய்தால் போதும். 1996இல் பேங்போர்ன், கிரப்ஸ் முதலியோர் விவரித்த அமைப்பில் அலுமினா நிரல் நீரை நீக்குகிறது. ஹைட்ரோகார்பன் கரைப்பான்களில் ஆக்சிஜனைத் தாமிர வினையூக்கி நிரல் அகற்றுகிறது. வடித்தலின் ஆபத்தோ சிறிதல்ல: நிலைப்படுத்தி நீங்கிய டெட்ராஹைட்ரோஃபியூரானில் பெராக்சைடு விரைந்து சேரும், குளோரோஃபார்ம் போன்ற குளோரின் கரைப்பான்களில் சோடியத்தைப் போட்டால் வெடிக்கும்.

சல்லடையும் எல்லாவற்றுக்கும் ஏற்றதல்ல. அசிட்டோனில் அது ஆல்டால் குறுக்கத்தைத் தூண்டி மாசை உண்டாக்கும். உயர் வெப்பத்தில் ஈரம் போக்காத சல்லடையால் எந்தக் கரைப்பானுக்கும் பயனில்லை.

ஆகவே ஆய்விதழ்களின் ஆசிரியர்களுக்கும் ஆய்வு நெறியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: ஈரம் தாங்காத வினைகளைப் பதிப்பிக்கும்போது, கரைப்பான் எப்படி உலர்த்தப்பட்டது என்பதோடு, பயன்படுத்திய அன்று அதில் எத்தனை பிபிஎம் நீர் இருந்தது என்பதையும் கேளுங்கள்.